18 தாண்டிய மாணவரிடம் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கினால் போதுமா?

ஜூன் 4, மாலை (கேள்வி)

எங்கள் வெளிக்களப் பாடத்தில் பாறையேற்றமும் ஆற்றுப் படகும் உண்டு. மாணவர்கள் எல்லாரும் 18 வயது தாண்டியவர்கள். "என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல, வழக்குத் தொடர மாட்டேன்" என்று ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கவலையில்லை என்கிறார் சக ஆசிரியர். கூடவே பெற்றோர் கையெழுத்தும் வாங்கச் சொல்கிறார். சரிதானா?

ஜூன் 4, இரவு

போதாது.

பெற்றோர் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வயது வந்த பிள்ளையின் உரிமையை அப்பாவோ அம்மாவோ விட்டுக்கொடுக்க முடியாது. வாங்கி வைத்தால், "இவர்களே மாணவர்களைச் சிறுவர்களாகத்தான் நடத்தினார்கள்" என்று பேச எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு துருப்புச் சீட்டு கிடைக்கும்.

அடுத்தது அந்த "என்ன நேர்ந்தாலும்". கேட்க இரும்புக் கதவு மாதிரி இருக்கும், உண்மையில் படிவத்திலேயே பலவீனமான சொல் அதுதான். பொறுப்பை விலக்கும் வாசகத்தை நீதிமன்றங்கள் குறுக்கித்தான் படிக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளை எடுத்துக்கொள்வார்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லே இல்லாத படிவம் கவனக்குறைவை மன்னிக்காது என்று தீர்ப்புச் சொன்ன நீதிமன்றங்கள் உண்டு.

ஜூன் 5, காலை

நேற்று அவசரத்தில் விட்டது. "வேவர்", அதாவது விலக்குப் படிவம், என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் தாளுக்குள் நாலு தனித்தனிச் சரக்கு இருக்கிறது. இந்த இந்த ஆபத்து உண்டு என்று நிறுவனம் சொல்வது முதலாவது. தெரிந்துதான் வருகிறேன் என்று மாணவர் ஒப்புக்கொள்வது இரண்டாவது. உங்கள் கவனக்குறைவால் அடிபட்டாலும் இழப்பீடு கேட்க மாட்டேன் என்று உரிமையை விடுவது மூன்றாவது. என்னால் வேறொருவருக்கு அடிபட்டு அவர் உங்கள்மேல் வழக்குப் போட்டால் அந்தச் செலவையும் நானே தருகிறேன் என்பது நாலாவது, அதாவது இன்டெம்னிட்டி.

பெரும்பாலான படிவங்கள் நாலையும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில் கொட்டிவிடுகின்றன. மூன்றாவது செல்லாது என்று நீதிபதி அடித்தால் மற்றவையும் சேர்ந்து போகும். தனித்தனிப் பத்தி, தனித்தனிக் கையொப்பம் என்று பிரித்து வையுங்கள். "ஒரு பகுதி செல்லாவிட்டாலும் மற்றவை செல்லும்" என்ற வரியும் இருக்கட்டும்.

இந்த நாலில் அதிகம் உழைப்பது முதலாவதுதான். அதை எழுதத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை.

ஜூன் 5, மதியம்

"ஆபத்தை எப்படி எழுதுவது, மாதிரி வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதக்கூடாதது: "இச்செயல்பாட்டில் காயம் அல்லது மரணம் நேரலாம்." இதைச் சதுரங்கப் போட்டிக்கும் ஒட்டலாம்.

பாறையேற்றத்துக்கு இப்படி: இடுப்புப்பட்டையில் கயிற்றைக் கட்டும் 8 வடிவ முடிச்சு பாதியில் நின்றுபோனால் ஏறும்போது தெரியாது, எடை விழும்போதுதான் அவிழும். கீழே கயிறு பிடிப்பவர் பிரேக் பக்கக் கையை எடுத்தால் மேலே இருப்பவர் தரைவரை விழுவார். ஏறியவரைக் கீழே இறக்கும்போது கயிறு நீளம் போதாமல் நுனி பிடிமானக் கருவி வழியே வெளியே வந்துவிடலாம். அதற்காகத்தான் நுனியில் முடிச்சுப் போடுகிறோம். மேலே இருப்பவரின் கால் பட்டுக் கல் உருளும், ஆகவே கீழே நிற்பவருக்கும் தலைக்கவசம்.

ஆற்றுக்கு: படகிலிருந்து விழுந்தவர் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறை இடுக்கில் சிக்கும், பின்னாலிருந்து வரும் நீர் அவரை முன்பக்கமாக மடக்கி அமிழ்த்தும். முழங்கால் ஆழ நீரிலும் இது நடக்கும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் மேலாக வைத்து மிதக்க வேண்டும். தடுப்பணைக்குக் கீழே சுழலும் நீர் உயிர்காப்பு உடை போட்டவரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாக வாரி இழுக்கும். அப்போது முகம் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார்.

ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் முதலெழுத்துக் கையொப்பம். இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "நான் வரவில்லை" என்றால் படிவம் வேலை செய்கிறது என்று பொருள்.

ஜூன் 6

"எந்த நாட்டில் செல்லும்?" இங்கே எழுதுபவர்கள் பல நாட்டில் இருப்பதால் சுருக்கமாக.

பிரிட்டனில் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை எந்தத் தாளாலும் விலக்க முடியாது. 1977 நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், பிரிவு 2 (ஸ்காட்லாந்தில் பிரிவு 16). நுகர்வோர் என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், பிரிவு 65. கனடாவின் கியூபெக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1474-ஆம் பிரிவு, அமெரிக்காவின் லூசியானா தொகுப்பின் 2004-ஆம் பிரிவு இரண்டும் இதே பாதை. வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் 1992-ல் ஒரு டிரையத்லான் (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் சேர்ந்த போட்டி) வழக்கில், காயத்துக்கு முன்பே உரிமையை விட்டுக்கொடுப்பதே செல்லாது என்றது.

கலிஃபோர்னியாவில் பொழுதுபோக்கு, விளையாட்டு படிவங்கள் பொதுவாகச் செல்லும். ஆனால் கடும் கவனக்குறைவை மன்னிக்கச் சொல்ல முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது. அதே நீதிமன்றம் 1963-ல், ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளியிடம் வாங்கிய விலக்கைச் செல்லாது என்று தள்ளியது: பொதுமக்களுக்கு அவசியமான சேவை, பேரம் பேச வழியில்லாத ஆள், கட்டாயக் கையெழுத்து.

நியூயார்க் வேடிக்கையானது. கட்டணம் வாங்கும் உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம் போன்ற இடங்களின் விலக்குப் படிவம் சட்டப்படி செல்லாது (பொதுக் கடமைகள் சட்டம் 5-326). ஆனால் அந்த இடம் பொழுதுபோக்குக்கு இல்லை, கற்பிப்பதற்குத்தான் என்று காட்டினால் படிவம் பிழைக்கலாம். வானிலிருந்து குதிக்கக் கற்றுத்தரும் பள்ளிகள் இப்படித் தப்பியிருக்கின்றன. அங்கே "மாணவர்" என்ற சொல்லுக்கே விலை உண்டு.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2002 குடிமைப் பொறுப்புச் சட்டத்தின் 5எம், 5என் பிரிவுகள் பொழுதுபோக்குச் செயல்களுக்கான ஆபத்து எச்சரிக்கைக்கும் விலக்குக்கும் நேரடியாகவே இடம் தருகின்றன. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயத்துக்கு அரசுத் திட்டமே ஈடு தருகிறது, இழப்பீடு கேட்டு வழக்குப் போடும் உரிமையே பெரும்பாலும் இல்லை.

ஜூன் 6, இரவு

பிரிட்டன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் அங்கே படிவமே வேண்டாமே" என்று ஒருவர். அப்படிச் சொல்லவில்லை. பொருட்சேதத்துக்கான விலக்கு நியாயமானதாக இருந்தால் அங்கேயும் நிற்கும். உடற்காயத்துக்கு வழக்கு வந்தால் வாதி கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். எச்சரித்தோம், பயிற்சி கொடுத்தோம், கேள்வி கேட்க நேரம் விட்டோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று.

ஆனால் ஒரு இடத்தில் நானும் திருத்திக்கொள்ள வேண்டும். "தெரிந்து கையெழுத்திட்டார், ஆகவே ஆபத்தை ஏற்றுக்கொண்டார்" என்ற தொனி என் 5-ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது. பிரிவு 65-ன் இரண்டாம் உட்பிரிவு இதைத்தான் மறுக்கிறது: விலக்கு வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார் அல்லது அது அவருக்குத் தெரியும் என்பதால் மட்டும் ஒருவர் ஆபத்தைத் தானாக ஏற்றதாகக் கொள்ளக்கூடாது. எனவே அங்கே முதல் பகுதியை எச்சரிக்கைக் கடமையை நிறைவேற்றியதற்கான சான்றாக மட்டும் வையுங்கள்.

ஜூன் 8

கேள்வி கேட்டவர் இப்போதுதான் முக்கியமானதைச் சொல்கிறார்: இது மதிப்பெண் உள்ள கட்டாயப் பாடம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

கட்டாயம் என்றால் விலக்கின் அடித்தளமே ஆடும். கையெழுத்துப் போடாவிட்டால் தேர்ச்சி இல்லை என்ற நிலையில் வாங்கிய கையெழுத்தை மனமொப்பிய கையெழுத்து என்று யார் சொல்வார்? 1994-ல் மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாநிலப் பல்கலைக்கழக ரக்பி கிளப் வழக்கு வந்தது. அது பாடம்கூட இல்லை, விருப்ப விளையாட்டு. அங்கேயே விலக்கு செல்லாது என்றார்கள்: படிவத்தை எழுதிய பல்கலைக்கழகத்துக்கு வக்கீல் உண்டு, மாணவருக்கு இல்லை, ஆட வேண்டுமானால் போட்டே ஆகவேண்டிய கையெழுத்து, பல்கலைக்கழகம் செய்வது பொதுச் சேவை.

வழி ஒன்றுதான். அதே மதிப்பெண்ணுக்கு மாற்று வேலை வையுங்கள். கயிறு, முடிச்சு, நங்கூரப் புள்ளிகளின் சுமைக் கணக்கு, மீட்புத் திட்டம் எழுதுதல் என்று தரையில் செய்யக்கூடியதாக, தண்டனை மாதிரி தோன்றாத ஒன்றாக இருக்கட்டும். மாற்று உண்டு என்பதைப் படிவத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மறுப்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

ஜூன் 9

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" பலகை எல்லா இடத்திலும் தொங்குகிறதே, அது மட்டும் செல்லுமா என்று ஒரு நண்பர். பலகை எழுதியவருக்குக் கூலி கிடைத்திருக்கும், அது நிச்சயம்.

ஜூன் 9, மாலை

கேலியை விட்டு ஒரு செய்தி. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. ரசீதின் பின்புறத்தில் "தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம்" என்று அச்சிட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அது பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்றது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. புடவைக்கே இப்படியென்றால் கால் எலும்புக்கு எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்னும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 23-ஐத்தான் இங்கே முதலில் திறப்பார்கள்.

அதே சமயம் நுகர்வோர் வழி இந்திய மாணவருக்கு எளிதல்ல. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், பயிற்சி மையங்கள் தவிர்த்த கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரமாட்டா என்றது. சுற்றுலா, நீச்சல், விளையாட்டையும் பெயர் சொல்லியே விலக்கியது. அதை விலக்குப் படிவத்துக்கான அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அப்படியேதான் இருக்கின்றன.

ஜூன் 11

திருத்தம். "18 தாண்டினால் வயது வந்தவர்" என்று இழை முழுக்கப் பேசிவிட்டோம். அமெரிக்காவின் அலபாமாவில் 19. நெப்ராஸ்காவில் பொது வயது 19, ஒப்பந்தங்களுக்கு 18. மிசிசிப்பியில் 21. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 19. சிங்கப்பூரில் பொது வயது 21, ஒப்பந்தங்களுக்கு மட்டும் 2009 முதல் 18. எல்லை தாண்டிப் போகும் வெளிக்களப் பயணம் என்றால் 18 வயது மாணவர் போட்ட கையெழுத்து அங்கே சிறுவரின் கையெழுத்தாக இருக்கலாம். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள்.

வகுப்பில் 17 வயதில் ஒருவர் இருப்பார். பிறந்த தேதியை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜூன் 12

"கையெழுத்து வாங்கினால் போலீஸ் வழக்கும் வராது இல்லையா?"

வரும். குற்ற வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவில். மாணவர் விட்டுக்கொடுத்தது அவருடைய இழப்பீட்டு உரிமையை, அரசின் உரிமை அவர் கையில் இல்லை. இந்தியாவில் கவனக்குறைவால் மரணம் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106.

சம்மதத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, புதியதில் 25: 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்த செயலில், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும் இல்லை, விளையக்கூடும் என்று தெரியவும் இல்லை என்றால், நேர்ந்த தீங்கு குற்றமாகாது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம், பொழுதுபோக்குக்காக வாள்சண்டை போடும் இருவர். அதே உதாரணத்தில் ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டம் முறைகேடு இல்லாமல் நடக்க வேண்டும். முகமூடி போடாமல் வாள் பயிற்சி நடத்திய ஆசிரியர் அந்த உதாரணத்துக்குள் ஒதுங்க முடியாது.

ஜூன் 14

கையெழுத்து வாங்கும் முறை. தாளைவிட இதில்தான் அதிகம் கெடுகிறது.

கனடா உச்ச நீதிமன்றம், 1988. பனி மூடிய மலைச்சரிவில் காற்றடைத்த பெரிய ரப்பர் வளையத்தில் சறுக்கும் போட்டி. நுழைவுப் படிவத்துக்குள்ளேயே விலக்கும் இருந்தது, போட்டியாளர் படிக்காமல் கையெழுத்திட்டார். போட்டியன்று அவர் குடித்திருந்தது நடத்தியவர்களுக்குத் தெரிந்தும் சறுக்க விட்டார்கள். கழுத்து முறிந்தது. அது விலக்கு என்று அவர் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை, ஆகவே காப்பாற்றாது என்றார்கள். பொறுப்பில் கால் பங்கு அவர் தலையில், முக்கால் பங்கு நடத்தியவர்கள் தலையில்.

அதிலிருந்து வரும் நடைமுறை: சேர்க்கைப் படிவத்தோடு ஒட்டாத தனித் தாள். தலைப்பிலேயே "சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கும் படிவம்". எழுத்து 12 புள்ளி, கலிஃபோர்னியாவில் 5.5 புள்ளியில் அச்சிட்ட ஒரு கார்ப்பந்தயப் படிவத்தை நீதிமன்றம் தூக்கிப் போட்டிருக்கிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். கட்டணம் கட்டி, பேருந்தில் ஏற்றி, ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு நீட்டினால் "போடாவிட்டால் பணம் போச்சு" என்ற மிரட்டலாகிவிடும். மறுத்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதுங்கள். பெயரை அவரே கையால் எழுதட்டும். தேதியோடு நேரமும். ஒரு படி அவருக்கு. அடிக்குறிப்பில் பதிப்பு எண், ஏனென்றால் நடுவில் யாராவது ஒரு வரி திருத்துவார்கள், பிறகு எவர் எதில் கையெழுத்திட்டார் என்று தெரியாது.

மாணவருக்கு நன்றாகப் புரியும் மொழியில் கொடுங்கள். தாளின் மொழி தடுமாறுபவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, படித்தவரும் கையெழுத்திடட்டும்.

மின்கையொப்பம் என்றால் "சம்மதம்" பெட்டியில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கக் கூடாது. எந்தப் பதிப்பு, எந்தக் கணக்கு, எந்த நொடி என்ற பதிவு வேண்டும், கையொப்பமானதும் படி மின்னஞ்சலில் போக வேண்டும்.

எத்தனை ஆண்டு வைத்திருப்பது? உங்கள் ஊர்க் காலவரம்புச் சட்டம் முடியும்வரை, மேலே ஓராண்டு. இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்கு மூன்றாண்டு, ஆனால் காயம் தெரியவந்த நாளிலிருந்தும் எண்ணலாம். விபத்து நடந்த குழுவின் தாள்களை மட்டும் அல்ல, எல்லாக் குழுவின் தாள்களையும் வையுங்கள்; "எல்லாரிடமும் இப்படித்தான் வாங்குகிறோம்" என்று காட்ட வேண்டிவரும்.

ஜூன் 15

மருத்துவக் கேள்விகளை இதே தாளில் போடலாமா? வேண்டாம். விலக்குப் படிவம் பல கை மாறும். மருத்துவத் தாள் தனி உறையில், பயிற்றுநரிடமும் முதலுதவி செய்பவரிடமும் மட்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, இப்போது சாப்பிடும் மருந்து, தோள்பட்டை முன்பு விலகியதா, இவை போதும். ரத்த வகை எழுதி வாங்குவது வீண் சடங்கு, மருத்துவமனை தானே சோதித்துத்தான் ஏற்றும். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் பேருந்தில் இருக்கிறதா, அவர் சட்டைப்பையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வயது வந்தவர் என்பதால் வீட்டுக்குத் தகவல் சொல்லவும் அவர் அனுமதி வேண்டும். "அவசரத்தில் யாரிடம், எதுவரை சொல்லலாம்" என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் எழுதி வாங்கிய தாளைப் படிக்காமல் வைப்பதைவிட வாங்காமலே இருக்கலாம். வலிப்பு உண்டு என்று எழுதிக் கொடுத்தவரைத் தனியாகக் கயிறு பிடிக்க விட்டால், அவர் தாளே உங்களுக்கு எதிரான முதல் ஆவணம்.

ஜூன் 18

நாலாவது சரக்கு, இன்டெம்னிட்டி. முதலில் "பிரித்து வையுங்கள்" என்றேன். யோசித்துப் பார்த்தால் எடுத்தே விடுங்கள் என்று தோன்றுகிறது. படிக்கும் ஆளிடம் வக்கீல் செலவு முழுவதையும் எழுதி வாங்குவது நீதிபதியின் கண்ணில் மொத்தத் தாளையும் அசிங்கமாக்கும். வசூலும் ஆகாது.

அந்தச் சுமை காப்பீட்டில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டில் இந்தச் செயல் பெயர் சொல்லி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாணவரின் விபத்துக் காப்பீட்டில் "சாகச விளையாட்டு" விலக்கு, உயர வரம்பு, மீட்புச் செலவு இந்த மூன்றையும் பாருங்கள். சில காப்பீட்டாளர்கள் தங்கள் வாசகத்தில்தான் படிவம் வேண்டும் என்பார்கள். நீங்கள் அழகாக எழுதியதை அனுப்பிவிட்டு ஒப்புதல் வரும்வரை காத்திருங்கள்.

ஜூன் 21

படிவம் எழுதுபவர் எல்லாரும் கயிற்றையும் படகையும் பற்றியே நினைக்கிறார்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஓய்வு நேரம் படிவத்தில் இருப்பதில்லை.

2014 ஜூன் 8, இமாச்சலப் பிரதேசம், பியாஸ் ஆறு. சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் வண்டியிலிருந்து இறங்கி ஆற்றுப் படுகையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்கள் வெள்ளத்தில் இறந்தார்கள், உடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளரும் இறந்தார். 2016-ல் உயர் நீதிமன்றம் ஒவ்வொரு மாணவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்று தீர்த்து, மின்வாரியம் 60, கல்லூரி 30, மாநில அரசு 10 சதவீதம் எனப் பிரித்தது. தண்ணீரைத் திறந்தது கல்லூரி இல்லை, அப்படியும் முப்பது.

ஆகவே பயணத்தின் எல்லையை எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே இறங்கக் கூடாது, மேலே அணை உண்டா, திறப்பு எச்சரிக்கையை யார் கேட்டு வைத்திருக்கிறார்கள். திட்டம் மாறினால், பாறை ஈரமென்று குகைக்குப் போனால், பழைய கையெழுத்து குகைக்குப் பொருந்தாது. அங்கேயே புதுத் தாளை நீட்டாதீர்கள், குகையை விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

ஜூன் 22

"படிவம் கொண்டுவராமல் வந்துவிட்ட ஒருவரைக் கரையில் உட்கார வைக்கலாமா? படம் எடுக்கட்டும்."

மேலே ஜூன் 21-ஐ இன்னொரு முறை படியுங்கள். கரையில் இருப்பவருக்கும் தாள் வேண்டும், உயிர்காப்பு உடையும் வேண்டும்.